பலாங்கொடையின் கறுப்புக் கல்

வேடசந்தூர் வட்டாரத்தில் கிணறு வெட்டினாலும் போர் போட்டாலும் அடியில் பாறைதான். வெடி வைத்து உடைத்த கல் மேலே வந்து கரையில் குவியும்போது, அதில் மினுக்கும் துண்டு ஒன்று யார் கண்ணிலாவது பட்டுவிடும். நான் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்த காலத்திலிருந்தே அப்படிப்பட்ட துண்டுகள் என் வீட்டுத் திண்ணைக்கு வருகின்றன. ஓய்வு பெற்ற பிறகும் வருகின்றன. "சார், இது தங்கமுங்களா?" என்பதுதான் கேள்வி. பொன்னிறமாக மின்னினால் பெரும்பாலும் மைக்கா. நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாக உரியும். தங்கம் அப்படி உரியாது. பித்தளை நிறத்தில் கட்டங்கட்டமாக இருந்தால் பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல். கேட்டவர் முகம் வாடித் திரும்பிப் போவார்.

கறுப்புக் கல்லைக் கொண்டு வருகிறவர்கள் வேறு வகை. அவர்கள் தங்கம் என்ற பேச்சையே எடுப்பதில்லை. "என்னமோ தெரியலைங்க சார், சைசுக்கு மீறின கனமா இருக்குது. அதான் எடுத்தாந்தேன்" என்பார்கள். எனக்கு இவர்கள்மேல் தனி மரியாதை உண்டு. மினுமினுப்பில் மயங்காமல் கையில் தூக்கிப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்கிறார்களே, கல்லை அடையாளம் காண்பதில் முதல் படி அதுதான். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இலங்கையில் இப்படி ஒரு கனத்த கறுப்புக் கல்லை ஒதுக்கித் தள்ளாமல் விசாரித்ததால்தான் தோரியனைட் என்ற அரிய கனிமம் உலகுக்குத் தெரிந்தது. அதை விசாரித்தவர் ஆனந்த குமாரசுவாமி.

நடராசர் திருவுருவத்தைப் பற்றி எழுதிய கலை அறிஞராகத்தான் அவரை நமக்குத் தெரியும். 'சிவ நடனம்' என்ற கட்டுரைத் தொகுப்பு 1918-இல் வந்தது. பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவைக் கட்டி எழுப்பியவர் அவர். ஆனால் அவர் படித்த படிப்பு நிலவியலும் தாவரவியலும். 1877-இல் கொழும்பில் பிறந்தார். தந்தை சர் முத்து குமாரசுவாமி இலங்கைத் தமிழர். தாய் எலிசபெத் பீபி ஆங்கிலேயப் பெண்மணி. இரண்டு வயதிலேயே தந்தையை இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பட்டம் பெற்றார். இருபத்தைந்து வயதை ஒட்டி இலங்கைக்கு வந்து பாறைகளை ஆராயத் தொடங்கினார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் முதல் இயக்குநர் அவர்தான். அதற்கு முன்பே, பிரயர் என்ற கனிமவியலாளருடன் சேர்ந்து செரண்டிபைட் என்ற புதிய கனிமத்தை அறிவித்திருந்தார். இன்றைக்கும் உலகின் மிக அரிய இரத்தினக் கற்களில் அது ஒன்று.

இரத்தினபுரி, பலாங்கொடைப் பக்கம் இரத்தினக்கல் தேடுகிறவர்கள் வயலிலும் ஆற்றங்கரையிலும் குழி தோண்டி, 'இல்லம்' என்று சிங்களத்தில் சொல்லும் சரளை அடுக்கை எட்டுவார்கள். அந்தச் சரளையைக் கூடையில் அள்ளி நீரில் சுழற்றி அலசுவார்கள். மண்ணும் லேசான கல்லும் வெளியே போய்விடும், கனமானவை அடியில் தங்கும். நீலமும் மாணிக்கமும் மட்டுமா கனம்? கூடவே கறுப்பாகச் சில மணிகளும் தங்கும். பலாங்கொடைப் பக்கத்துச் சரளையில் அப்படித் தங்கியவற்றில் சில, சில மில்லிமீட்டர் அளவில் ஒழுங்கான கனசதுரங்களாக இருந்தன. பாதி உலோகம் போன்ற மங்கிய பளபளப்பு. நீலக்கல் தேடுகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

கறுப்பு நிறம், கனசதுர வடிவம், அசாதாரணக் கனம் ஆகியவற்றைக் கொண்டு அதை முதலில் யுரேனினைட் என்றே கருதினார்கள். யுரேனியத்தின் தாதுவுக்கு அந்தப் பெயர். அது தவறான ஊகம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு கனிமங்களுக்கும் உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறை ஒன்றேதான், கண்ணுக்கும் கைக்கும் வேறுபாடு தெரியாது. குமாரசுவாமி செய்த சரியான காரியம், ஊகத்தோடு நிறுத்தாமல் மாதிரியை லண்டன் இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டுக்கு அனுப்பியது. அங்கே இயக்குநராக இருந்த விண்டம் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தபோது, கல்லில் யுரேனியம் குறைவு. நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் தோரியம் ஆக்சைடு. தோரியம் அவ்வளவு செறிந்த கனிமம் அது. 1904-இல் அதற்குத் தோரியனைட் என்று பெயரிட்டார்கள். மறு ஆண்டு டன்ஸ்டனும் அவருடன் ஆய்வு செய்த பிளேக்கும் முழு ஆய்வை வெளியிட்டார்கள்.

அந்த நேரத்தில் தோரியத்துக்கு உலகெங்கும் கிராக்கி. காரணம் அணு ஆராய்ச்சி அல்ல, விளக்கு. எங்கள் தெருவில் ஒரு வாடகைக் கடையில் வரிசையாக பெட்ரோமாக்ஸ் விளக்குகள் தொங்கும். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, இரவில் கிணறு இறைப்பு என்று எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் போகும். விளக்கினுள் சின்னப் பை மாதிரி ஒரு மேண்டில் இருக்கும். முதல்முறை கொளுத்தும்போது துணி எரிந்துபோய், தொட்டால் பொடியும் வெள்ளைக் கூடு மட்டும் மிஞ்சும். அந்தக் கூடுதான் ஒளி தருவது. அது நூற்றுக்கு 99 பங்கு தோரியம் ஆக்சைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்சைடும் சேர்ந்தது. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவர் வான் வெல்ஸ்பாக் 1891-இல் கண்டுபிடித்த கலவை அது. ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகளும் வீட்டு விளக்குகளும் அந்த மேண்டிலில்தான் எரிந்தன. அவற்றுக்காகத்தான் கம்பெனிகள் தோரியத்தைத் தேடி அலைந்தன. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, மோனசைட் என்ற தோரியம் உள்ள கனிமத்தை அடையாளம் கண்டார். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரை மணலுக்குப் பெயர் வந்தது அப்படித்தான். மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு நூற்றுக்கு எட்டு, ஒன்பது பங்குதான். ஆனால் மணல் அள்ள அள்ளக் கிடைக்கும். தோரியனைட்டோ கைப்பிடியளவு சேர்க்கவே மலைமலையாகச் சரளையை அலச வேண்டும்.

விளக்குக்குப் போனது போக, கொஞ்சம் தோரியனைட் லண்டனில் வேதியியலாளர் வில்லியம் ராம்சேயின் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. நம் நாட்டில் அறிவியல் கழகம் எந்த ஊரில் அமையலாம் என்று சுற்றிப் பார்த்து பெங்களூரைச் சொன்ன அதே ராம்சேதான். அவரிடம் 1904-இல் ஓட்டோ ஹான் என்ற ஜெர்மன் இளைஞர் வந்து சேர்ந்தார். கரிம வேதியியல் படித்தவர். ஆங்கிலம் பழகிக்கொண்டு போய் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர வேண்டும் என்பதே அவர் எண்ணம். இலங்கைக் கல்லிலிருந்து எடுத்த உப்பை ராம்சே அவர் கையில் கொடுத்து, ரேடியத்தைப் பிரித்தெடு என்றார். ஹான் பிரித்துக்கொண்டே போனபோது, ரேடியத்தோடு சேராத இன்னொரு கதிரியக்கப் பொருள் தட்டுப்பட்டது. 1905-இல் அதற்கு ரேடியோதோரியம் என்று பெயர் வைத்தார். இன்றைய கணக்கில் அது தோரியம்-228. கதிரியக்க ஆராய்ச்சியில் முன்னணியில் இருந்த ரூதர்ஃபோர்டு முதலில் நம்பவில்லை. ஹான் அவர் இருந்த மாண்ட்ரியாலுக்கே போய் அவரிடம் வேலை செய்து நம்பவைத்தார். தொழிற்சாலை வேலை எண்ணம் அத்தோடு போயிற்று. 1938-இல் யுரேனிய அணு பிளவுபடுவதைக் கண்டுபிடித்தவர் இதே ஹான். பலாங்கொடைச் சரளையிலிருந்து அவ்வளவு தூரம் ஒரு நூல் ஓடுகிறது. நம் பள்ளிப் பாடநூல்களில் ஹான் இருக்கிறார், ரூதர்ஃபோர்டு இருக்கிறார். குமாரசுவாமியின் பெயரையும் அந்தப் பக்கத்தில் ஒரு வரியில் சேர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இந்தக் கல்லுக்கும் திண்டுக்கல் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பாறைச் சம்பந்தம் இருக்கிறது. மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தில் பரவிக் கிடக்கும் சார்னோகைட், நைஸ் பாறைகளும், இலங்கை மலைநாட்டுப் பாறைகளும் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே நிலத்தின் அடி ஆழத்தில் ஒரே சூட்டில் வெந்து உருமாறியவை. கோண்டுவானா என்ற அந்தப் பெருங்கண்டம் பிறகு உடைந்தது. அதனால் உங்கள் கிணற்றில் தோரியனைட் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை; இங்கே அதை நான் பார்த்ததுமில்லை. ஆனால் கனத்த கறுப்புக் கல் ஒன்று கிடைத்தால் அதை அலட்சியமாகத் தூக்கி எறியக் கூடாது, அறியாமல் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவும் கூடாது.

திண்ணைக்கு வரும் கறுப்புக் கற்களில் பெரும்பங்கு மேக்னடைட். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் காட்டினால் சட்டென்று ஒட்டும். குடகனாற்று மணலில் காந்தத்தை இழுத்துப் பாருங்கள், கறுப்பு மீசை முளைத்ததுபோல் ஒட்டிக்கொண்டு வரும். அதுவும் அதே. இன்னொரு வகை இரும்புக் கிட்டம். முன்னோர் உலை வைத்து இரும்பு உருக்கிய இடங்களில் கழிவாகக் கிடப்பது. ஓட்டை ஓட்டையாக, கண்ணாடி உருகி உறைந்தது போல இருப்பதால் கண்டுபிடித்துவிடலாம். இரண்டும் இல்லையென்றால் எடை போட வேண்டியதுதான்.

மளிகைக் கடைகளில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசே போதும். முதலில் கல்லைத் தனியாக எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பாதியளவு நீர் ஊற்றிய டம்ளரைத் தராசில் வைத்து, எடையைச் சுழி ஆக்குங்கள். கல்லை நூலில் கட்டி, நீரில் முழுதாக மூழ்கும்படி, ஆனால் அடியையும் பக்கத்தையும் தொடாதபடி கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண், கல் விலக்கிய நீரின் எடை. முதல் எண்ணை இந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பது ஒப்படர்த்தி. 260 கிராம் கல் நீரில் 50 காட்டினால் 5.2, அதுதான் மேக்னடைட்டின் கணக்கு. வெள்ளைக் குவார்ட்ஸ் கல் 2.65 வரும். காரீயத் தாதுவான கலீனா 7.5. தோரியனைட் 9.7 வரை போகும். தனிக் காரீயமே 11.3 தான் என்றால், ஒரு கல் 9.7 காட்டுவது எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்று பாருங்கள். தோரியனைட் மணிகள் சிறியவை என்பதால் அவற்றுக்கு நகை ஆசாரியின் தராசு வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் குவார்ட்ஸாக இருந்தால் 0.33 கிராம், தோரியனைட்டாக இருந்தால் 1.2 கிராம்.

கல்லை ஆராயும் புத்தகங்களில் உரசிப் பார், கத்தியால் கீறிப் பார், பொடித்து அமிலம் விட்டுப் பார் என்றெல்லாம் வரிசையாக இருக்கும். என் கண்டிப்பு இதுதான்: ஒப்படர்த்தி 6-ஐத் தாண்டிய கல்லை வீட்டில் உரசவும் கூடாது, பொடிக்கவும் கூடாது. அது பழைய இரும்புத் துண்டாக இருக்கலாம், காரீயத் தாதுவாக இருக்கலாம், வேறொன்றாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் தூசிதான் ஆபத்து.

நம் மாவட்டத்தில் பாஷாணம் என்ற சொல் தெரியாதவர் இல்லை. போகர் ஒன்பது பாஷாணங்களைக் கட்டிச் செய்தது என்று பழனி மூலவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லி வருகிறோம். லிங்கம், மனோசிலை, அரிதாரம் எல்லாம் நச்சுக் கனிமங்கள்தான். ஆனால் அவற்றின் சிவப்பும் மஞ்சளும் தூரத்திலிருந்தே தெரியும். தோரியனைட்டின் நஞ்சு வேறு வழியில் வருவது. தோரிய அணு தானாகச் சிதைந்துகொண்டே இருக்கும். பாதி சிதைய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும் என்பதால் அது மெதுவானதுதான். ஆனால் சிதைந்து பிறக்கும் பிள்ளை அணுக்கள் வேகமானவை. அவற்றில் ஒன்று தோரான் என்ற வாயு. அரை ஆயுள் ஒரு நிமிடம்கூட இல்லை என்றாலும், அதற்குள் கல்லைவிட்டு வெளியேறி அறைக் காற்றில் கலந்துவிடும். இன்னொன்று தாலியம்-208. அதிலிருந்து வரும் காமாக் கதிர் சுவரையும் கடக்கக்கூடியது.

சிதைவில் வரும் ஆல்ஃபாத் துகளை ஒரு தாள் தடுத்துவிடும். உடலின் தோலே தடுத்துவிடும். "பிறகென்ன பயம் சார்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். வேடசந்தூர்க்காரருக்கு இதை விளக்குவது எளிது. புகையிலை ஆராய்ச்சிக்கென்று நிலையம் அமைந்த ஊர் இது, புகையிலை விளைந்து பதப்பட்ட மண் இது. புகையிலை இலையில் பொலோனியம்-210 என்ற கதிரியக்கப் பொருள் மிகச் சிறு அளவில் இருப்பதை 1964-லேயே கண்டுபிடித்தார்கள். செடியாக நிற்கும்போது அது பக்கத்தில் போகிறவரை ஒன்றும் செய்யாது. பீடியாகி, புகையாகி நுரையீரலுக்குள் போய்ப் படிந்த பிறகு அங்கே தடுக்கத் தோலும் இல்லை, தாளும் இல்லை. ஆல்ஃபாத் துகள் செல்லைத் தொட்டுக்கொண்டு நின்றே அடிக்கிறது. தோரியனைட் தூசிக்கும் இதே விதிதான். இந்த ஆபத்தோடு காரீயம் என்ற ஈயமும் சேரும். தோரியம் சிதைந்து கடைசியில் நிற்பது ஈயத்தில். ஆகவே பழைய தோரியனைட்டுக்குள் ஈயமும் இருக்கும். உள்ளே சிக்கிய ஹீலியமும் இருக்கும். அந்த ஹீலியத்தை அளந்து, பாறைக்கு இருபது கோடி ஆண்டுக்கும் மேல் வயது என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ராபர்ட் ஸ்ட்ரட் நூறாண்டுக்கு முன் கணக்கிட்டார். பூமியின் வயதைக் கதிரியக்கச் சிதைவைக் கொண்டு கணிக்கத் தொடங்கிய முதல் கற்களில் இலங்கைத் தோரியனைட்டும் ஒன்று.

உலகில் தோரியனைட்டைச் சேகரித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். முறையாக வைப்பவர்கள் அதை மூடி இறுகிய சிறு டப்பாவில் போட்டு, கதிரியக்க முத்திரையும் பெயர்ச் சீட்டும் ஒட்டி, ஆள் படுக்காத, காற்றோட்டமுள்ள இடத்தில் வைப்பார்கள். தொட்டால் கை கழுவுவார்கள். நெருக்கமாக வைத்துக்கொள்வதைவிடத் தூரத்தில் வைப்பதே பாதுகாப்பு. தூரம் இரண்டு மடங்கானால் கதிரின் தாக்கம் நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். நம் நாட்டில் யுரேனியம், தோரியம் தாதுக்கள் தனிச் சட்டக் கட்டுப்பாட்டில் இருப்பவை, விருப்பம்போல் சேர்த்து வைக்க முடியாது. நாட்டில் எங்காவது யுரேனியமோ தோரியமோ இருப்பதைக் கண்டறிந்தவர் மூன்று மாதத்துக்குள் மத்திய அரசுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1962-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். இவற்றைத் தேடுவதற்கென்றே 1949 முதல் ஒரு துறை இயங்குகிறது. இன்று அது ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அணுக் கனிம இயக்குநரகம்.

பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டில் பொட்டலம் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். எரிந்த கூட்டை ஊதித் தள்ளாதீர்கள். அந்த நாளில் நாங்கள் எல்லோரும் ஊதித்தான் துடைத்தோம். யாரும் சொல்லித் தரவில்லை.

கல் கொண்டு வருகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வருத்தம். "எங்கே எடுத்தீங்க?" என்று கேட்டால், "தோட்டத்துப் பக்கமுங்க" என்பார்கள். கல்லைவிட அது கிடந்த இடம் முக்கியம். குமாரசுவாமியின் காலத்திலேயே, எந்த ஆற்றுச் சரளை, எந்த ஊர் என்ற குறிப்போடுதான் மாதிரிகள் கப்பலேறின. அந்தக் குறிப்பு இல்லாத கல், எவ்வளவு அரியதாக இருந்தாலும், ஆய்வாளருக்குப் பாதி ஊமை. பாறையை ஆராய்வதற்காக இலங்கைக் கிராமங்களைச் சுற்றியபோதுதான் குமாரசுவாமி அங்கே அழிந்துகொண்டிருந்த கைவினைகளையும் பார்த்தார். 1908-இல் இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் அந்தப் பயணங்களில் விளைந்தது. கல்லையும் கலையையும் இடம் குறித்து, செய்தவர் யார், செய்முறை என்ன என்று எழுதி வைத்த ஒரே பழக்கம்தான் அது.

எனவே ஒரு வேண்டுகோள். சைசுக்கு மீறிய கனமுள்ள கறுப்புக் கல் கிடைத்தால், முதலில் அதை எடுத்த இடத்தைப் போனில் படம் எடுங்கள். எந்த ஊர், யார் கிணறு, எத்தனை அடி ஆழம், எந்தத் தேதி என்று தாளில் எழுதுங்கள். காந்தத்தைக் காட்டி, நீரில் எடை போடுங்கள். ஒப்படர்த்தி ஆறுக்குக் கீழே என்றால் பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகட்டும். ஆறுக்கு மேலே என்றால் இரட்டை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, கையைக் கழுவிவிட்டு, வீட்டுக்கு வெளியே வையுங்கள். பிறகு திண்டுக்கல் கலெக்டர் அலுவலக வளாகத்தில் உள்ள புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகத்திலோ, நிலவியல் பிரிவுள்ள ஏதாவது ஒரு கல்லூரியிலோ அந்தத் தாளோடு சேர்த்துக் காட்டுங்கள்.